ஐந்து பேர் சாகும் காட்சி

ஃபெர்மின் சால்திவாரின் படங்களில் பெரும்பாலானவற்றை எங்கள் திரைப்படக் கல்லூரியில் ஒருவரும் பார்த்ததில்லை. அதனால்தான் எல்லோருக்கும் அவை மனப்பாடம். ஆறு படம் எடுத்தவர். அதில் நான்கு பெட்டிக்குள் தூங்கின. எங்கள் அரசாங்கம் படத்தைத் தடை செய்யாது, அது நாகரிகமில்லை. எடுக்கத் தானே காசு கொடுக்கும், கைகுலுக்கும், பிறகு சுருளைத் தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டு, தியேட்டர் காலியானதும் சொல்லி அனுப்புவதாகப் புன்னகைக்கும்.

ஏழாவது படத்துக்குச் சிப்பாய்கள் வேண்டியிருந்தது. ராணுவம் ஆள் தர மறுத்தது. ஆகவே, போன வருடம்வரை தலைநகர வீதிகளில் சிப்பாய்களிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த நாங்கள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு சிப்பாய்களானோம். புரட்சிக்காக எங்களில் யாரும் இதைவிடப் பெரிய தியாகம் செய்ததில்லை. என் நண்பன் ருத்திலியோ வெட்டிய கூந்தலைச் செய்தித்தாளில் சுற்றிப் பையிலேயே வைத்திருந்தான்.

ஊர் சாந்தா பிரீகிதா. சர்க்கரை ஆலை ஊர். பல வருடங்களுக்கு முன் வேலைநிறுத்தம் செய்த கரும்பு வெட்டிகளை ராணுவம் ஊர்ச் சதுக்கத்தில் சுட்டது. இறந்தது ஐந்து பேர் என்கிறது அரசு. அந்த ஐந்தோடுதான் திரைக்கதைக்கு அனுமதி கிடைத்தது. அதைக் கவனித்துக்கொள்ள உள்துறையிலிருந்து பட்டம் பெற்ற அதிகாரி லிசென்சியாதோ ஒச்சோவா வந்து, லாரல் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அஞ்சு, மாயெஸ்த்ரோ. பேசினது ஞாபகம் இருக்கில்ல? அஞ்சோட நின்னா ஜனவரியில தலைநகர்லயே பெரிய தியேட்டர். நானே பொண்டாட்டியக் கூட்டிட்டு வர்றேன்,” என்றார் அவர் இயக்குநரிடம்.

“உங்க வீட்டம்மா தூங்கினாலும் பரவாயில்ல, லிசென்சியாதோ,” என்றார் சால்திவார். “என் படத்துக்கு டிக்கெட் வாங்கி ஒருத்தராவது தூங்கணும். அப்புறம் நான் செத்தாலும் சரி.”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சிகரெட்டின் பஞ்சு முனையில் அவர் தீ வைத்ததைப் பார்த்த பிறகு நாங்களும் நிறுத்திக்கொண்டோம்.

அன்று நவம்பரில் வரும் இறந்தவர்கள் நாள் திருவிழாவுக்கு மறுநாள். சதுக்கம் முழுக்க அங்கங்கே செண்டுமல்லி இதழ்க் குவியல், உருகிய மெழுகு. கதை நடப்பதோ மே மாதம்.

“மே மாசத்துல செண்டுமல்லி எங்கடா பூக்குது? பெருக்குங்க!” என்று கத்தினார் சால்திவார்.

திருவிழாக் குப்பை என்று நினைத்துச் சிப்பாய்கள் பெருக்கினோம். தினமும் காலையில் எங்களுக்கு மக்காச்சோள மாவில் தமால் அவித்துக் கொடுக்கும் தோன்யா எத்தெல்வினா, அதாவது எத்தெல்வினா அம்மாள், வேலிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாத்தையுமாப்பா பெருக்கிட்டீங்க?”

“ஒரு இதழ் விடல, தோன்யா,” என்றான் ருத்திலியோ பெருமையாக. அந்த அம்மாள் தலையாட்டினார்.

உச்சி வெயிலில் கேமரா ஓடியது. ஊர்க்காரர்களே வேலைநிறுத்தக்காரர்கள். நாங்கள் வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டோம். புகை எழுந்தது. பொறுக்கியெடுத்த ஐந்து பேரும் பீட்ரூட் ரத்தத்தோடு அழகாக விழுந்தார்கள். மற்றவர்கள் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒருவரும் ஓடவில்லை.

தோன்யா எத்தெல்வினா குழாயடிக்கு நடந்து போனார். சால்வையை மடித்துத் தலைக்கு வைத்து, பக்கவாட்டில் படுத்தார். பின்னால் ஒரு கிழவர் கோயில் படிக்கட்டில் குப்புறப் படுத்தார். பிறகு முடிதிருத்துபவர், ரொட்டிக்கடைப் பெண், ஒரு கர்ப்பிணி. எல்லோரும் அவரவர் இடத்துக்கு நேராகப் போனார்கள்.

“கொஞ்சம் தள்ளிப் படு தொமாசா, அது எங்க அண்ணன் எடம்.”

“உங்க அண்ணன் தூணுக்கு அந்தப் பக்கம்டி. வருஷா வருஷம் நான்தானே மெழுகுவத்தி ஏத்துறேன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாங்கள் எதைப் பெருக்கினோம் என்று. இங்கே நினைவுக்கல் நட ஆலை விட்டதில்லை. அந்தப் பூதான் கல். துப்பாக்கி திடீரென்று கனத்தது.

என்னைவிட இரண்டு மடங்கு வயதான ஒருவர் என் முன்னால் வந்து, தொப்பியைக் கழற்றினார்.

“தம்பி, காலை எடுக்கிறியா? எங்க அப்பா அங்கதான் விழுந்தாரு.”

எடுத்தேன். அவர் படுத்தார். என் நிழல் அவர்மேல் விழுந்தது. அதையும் எடுக்க வேண்டும் போலிருந்தது, வழி தெரியவில்லை. படுத்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. எண்ணுவது மரியாதையில்லை என்று தோன்றியது. கல் தரை தெரிந்த இடங்கள்தான் கொஞ்சம்.

“கட் சொல்லுங்க, மாயெஸ்த்ரோ!” ஒச்சோவா நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். “இது அஞ்சு இல்ல! தியேட்டரை மறந்துடுங்க, சொல்லிட்டேன்!”

கேமராமேன் சால்திவாரைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். அவரிடம் ஐந்து பிணமும் ஒரு தியேட்டரும் இருந்தன. அவர் வாய் திறந்தது. திறந்தது திறந்தபடியே இருந்தது, கோயிலுக்குள் முதன்முறை நுழைந்த குழந்தைக்கு இருப்பதுபோல.

“கேமரா ஓடட்டும்,” என்றார் கடைசியில்.

ஒரு சிறுமி ஒச்சோவாவின் கால்சட்டையை இழுத்தாள். “ஐயா, உங்க நாற்காலி எங்க தாத்தா மேல இருக்கு.”

உள்துறை தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நகர்ந்தது. வேறு எங்கே போடுவதென்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது.

சுருள் தீர்ந்து கேமரா படபடத்தது. அதன்பிறகும் யாரும் எழவில்லை.

“அஞ்சுன்னு ஒத்துக்கிட்டீங்க,” என்றார் ஒச்சோவா மெதுவாக.

“அஞ்சு பேரைத்தான் நான் சாகச் சொன்னேன், லிசென்சியாதோ. மத்தவங்க எனக்கு முன்னாடியே செத்தவங்க.”

தோன்யா எத்தெல்வினா முதலில் எழுந்து பாவாடையைத் தட்டினார். “சரி, வெயில் கொளுத்துது. சிப்பாய்ங்களா, சாப்பிட வாங்க. துப்பாக்கிய வெளியில வச்சிட்டு வாங்க.”

நாங்கள் போகும்போது திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வேலியோரம் கொட்டியிருந்த குவியலிலிருந்து சால்திவார் இரண்டு கையிலும் செண்டுமல்லியை அள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இடமாக மண்டியிட்டு, “இங்கேயா? இங்கேயா?” என்று ஊர்க்காரர்களைக் கேட்டுக் கேட்டு வைத்தார். நாற்காலியைக் கீழே வைக்க இன்னும் இடம் கிடைக்காத ஒச்சோவா அவருக்கு வழிவிட்டு நின்றார்.

ஜனவரியில் அந்தப் பெரிய தியேட்டரில் ஒரு நகைச்சுவைப் படம் ஓடியது. சால்திவாரின் படம் தகர டப்பாவுக்குள் போனது. பெட்டிக்குள் போன ஐந்து படங்கள் இப்போது கல்லூரியில் மனப்பாடம். அதில் ஒன்றை மட்டும் நான் பார்த்திருக்கிறேன், நின்றபடி, தவறான உடையில்.