ஞாயிற்றுக்கிழமை உலாவப் போன குத்துவாள்கள்

ஜெர்மானியப் பேரரசின் கடற்படை அதிகாரிகள் இடுப்பில் அணிந்த அலங்காரக் குத்துவாளைப் போல மாண்பும் மரியாதையும் வாய்ந்த ஆயுதம் ஐரோப்பாவில் வேறு எதுவும் பிறக்கவில்லை. தந்தக் கைப்பிடி, தலையில் பேரரசரின் கிரீடம், அலகில் நங்கூரமும் பாய்மரக் கப்பலும். அதனால் வெண்ணெயைக் கூட ஒழுங்காக வெட்ட முடியாது. செய்தபோதே யாரும் அதற்குச் சாணை பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட குத்துவாள்கள் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய, 1971 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் காபிக்குப் பிறகு, ஸோலிங்கன் நகரில் எங்கள் கிரேஃப்ராத் பகுதியில் உலாவப் போயின. அன்று லேசான மேற்குக் காற்று வீசியது. முட்டை விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

அலமாரியின் சொந்தக்காரர் ஏவால்ட் பெர்க்ஹவுஸ், எடை அளவு அலுவலகத்தில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலோடு அவருக்கு இருந்த உறவெல்லாம் ஒருமுறை ரைன் நதியைப் படகில் கடக்கும்போது வாந்தி எடுத்ததோடு முடிந்துபோனது. ஊர் மொத்தமும் கத்தி செய்கிற ஊர் இது. காகிதம் வெட்ட, முடி வெட்ட, நகம் வெட்ட, வாத்து அறுக்க என்று எல்லாவற்றுக்கும் இங்கே தனித்தனியாகக் கத்தி உண்டு. இத்தனைக்கும் நடுவில் எதையுமே வெட்டாத கத்திகளைத் தேடித் தேடி வாங்கி வந்து, கண்ணாடிக்குள் வைத்து, அவற்றின் முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசியவர் அவர் ஒருவர்தான். வெறும் விரல் பட்டால் ரேகை துருவாகப் பதிந்துவிடும் என்பதால் வெள்ளைப் பருத்திக் கையுறை இல்லாமல் தொட மாட்டார். ஈரம் ஆகாது என்பதால் அந்த வீட்டில் முட்டைக்கோஸ் வேகவைக்கக் கூடாது, முன்னறைச் சன்னலைத் திறக்கக் கூடாது, நனைந்த கோட்டோடு யாரும் உள்ளே வரக் கூடாது. எங்கள் பக்கத்தில் மழை பெய்யாத நாளைத்தான் ஜனங்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஆகவே அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது தானாகவே நின்றுபோனது. ஒன்றை மட்டும் அவருக்காகச் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு வந்த அந்தப் பன்னிரண்டு வருடத்துக் கத்திகளை, நாஜிகளின் வளைந்த சிலுவை பொறித்தவற்றை, அவர் படியேற விட்டதில்லை. ஒரு வியாபாரி அப்படி ஒன்றைப் பொட்டலத்திலிருந்து எடுத்தபோது, அந்த வருடங்களில் இரண்டு அண்ணன்களைப் பறிகொடுத்த அவருடைய மனைவி அல்வீனா, அந்த ஆளுக்கு ஊற்றிய காபியைக் கோப்பையிலிருந்து எடுத்துத் திரும்பக் கூஜாவிலேயே ஊற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காபி முடிந்ததும் ஊரே நடக்கப் போகும். சந்தைச் சதுக்கத்திலிருந்து மடாலயத் தேவாலயத்தின் படிகளேறி, காட்டோரப் பாதையில் போய், குளத்தைச் சுற்றி, வழியில் எல்லோரும் எல்லோருடைய தொப்பியையும் விமர்சித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். கல்யாணமான புதிதில் ஏவால்டும் அல்வீனாவும் அப்படிக் கைகோத்து நடந்தவர்கள்தான். சேகரிப்பு அலமாரி அளவுக்கு வளர்ந்த பிறகு, ஞாயிறு பிற்பகல் குத்துவாள்களுக்கு எண்ணெய் தடவும் நேரம் என்று ஆனது. அல்வீனா தனியாக நடந்தார். யாரிடமும் குறை சொல்லவில்லை. பாதையின் வலது ஓரமாகவே நடப்பார் என்பதை மட்டும் சிலர் கவனித்திருந்தார்கள்.

அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை வாஃபிள் தீய்ந்து புகை கிளம்பியதால் அல்வீனா முன்னறைச் சன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். அலமாரியின் பூட்டு திறந்துகொண்டது. குத்துவாள்கள் பதவி வரிசைப்படி ஒவ்வொன்றாக வெளியே மிதந்து வந்து, தெருவில் நடந்துகொண்டிருந்தவர்களின் இடது இடுப்புக்கு ஒரு கை அகலம் தள்ளி, வாரும் இல்லாமல் கொக்கியும் இல்லாமல் காற்றில் நின்று, கூடவே நடந்தன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று பாதிரியார் பிற்பாடு விளக்கினார். படையில் போருக்கு ஓர் உடுப்பு, அணிவகுப்புக்கு ஓர் உடுப்பு, மாலையில் ஊருக்குள் உலாவப் போக ஓர் உடுப்பு. குத்துவாள் பெரும்பாலும் மூன்றாவதற்குத்தான் துணை. உலாவுவதற்கென்றே பிறந்ததை ஐம்பது வருடம் அடைத்து வைத்தால் அது எத்தனை நாள்தான் பொறுக்கும் என்று கேட்டார். ஒரு துணை அட்மிரலுக்காக டமாஸ்கஸ் எஃகில் அடித்த, ஏவால்டின் உயிருக்கு உயிரான குத்துவாள், சதுக்கத்தில் சிகரெட்டும் எலுமிச்சைச் சோடாவும் விற்கும் பெட்டிக்கடை ட்ரூடே க்ராட்ஸின் பருத்த இடுப்பருகே போய் நின்றது.

"ஏய் ட்ரூடே, யாரு மண்டையப் பொளக்கக் கெளம்பிட்ட?" என்று இறைச்சிக் கடைக்காரர் கத்தினார்.

"போன வாரம் நீ குடுத்த சாஸேஜ்ல பாதி ரொட்டித்தூள்தான். உன்கிட்டேருந்தே ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஆமா, உன் பக்கத்துல தொங்குதே, அது என்ன?"

கடைக்காரர் குனிந்து பார்த்தார். அவருக்கும் ஒன்று வந்திருந்தது, லெப்டினன்ட் ரகம்.

ஏவால்ட் போலீஸுக்கு ஃபோன் செய்தார். வந்த கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிவிட்டு, சங்கடமாகத் தன் இடது பக்கத்தைக் கோட்டால் மூடப் பார்த்தார், முடியவில்லை. "ஹெர் பெர்க்ஹவுஸ், திருட்டுன்னு எழுதினா திருடன் யாருன்னு மேலதிகாரி கேப்பாரு. இப்போதைக்கு நான் என் இடுப்பத்தான் காட்டணும். வேணாமே." இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் குத்துவாள்கள் எல்லாம் திரும்பி வந்து, வாசல் மிதியடியில் உறை நுனியைத் துடைத்துவிட்டு, தத்தம் இடத்தில் படுத்துக்கொண்டன. அடுத்த ஞாயிறும் போயின. அதற்கடுத்த ஞாயிறும்.

ஊர் பழகிவிட்டது. முதல் வாரங்களில் எல்லோரும் முதுகை நிமிர்த்தி, காலணிக்குப் பாலிஷ் போட்டு, ஒருவருக்கொருவர் சல்யூட் அடித்துக்கொண்டு நடந்தார்கள். கப்பல் தளத்தில் நடப்பதாகவே சிலர் நினைத்துக்கொண்டார்கள். கோடை முடிவதற்குள் அந்த மிடுக்கெல்லாம் வடிந்து, தபால்காரர் தன் குத்துவாளில் தொப்பியை மாட்டினார், ட்ரூடே வெங்காயப் பையை மாட்டினார். ஏவால்ட் மட்டும் நிம்மதி இழந்தார். மழை தூறினால் பெரிய கறுப்புக் குடையோடும் வெள்ளைக் கையுறையோடும் பின்னாலேயே ஓடி, ஆட்களை நனையவிட்டு இடுப்புகளுக்குக் குடை பிடித்தார். துருவை விடப் பெரிய வேதனை ஒன்று அவருக்கு இருந்தது: ஒரு குத்துவாள் கூட அவரிடம் வரவில்லை. பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டைத் தைத்துப் போட்டுக்கொண்டு, இடது கையை லேசாக விலக்கியபடி வாசற்படியில் நின்று பார்த்தார். முத்திரை ஆய்வாளரைக் கண்டதும் சந்தை வியாபாரிகள் எப்படிப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நழுவுவார்களோ, அப்படியே அவை அவரைத் தாண்டிப் போயின.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் அவர் பெட்டிக்கடைக்குப் போய், அட்மிரல் குத்துவாளில் வெங்காயம் மாட்ட வேண்டாம் என்று கெஞ்சினார்.

"அதுக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல, ஹெர் பெர்க்ஹவுஸ். உங்களுக்குத்தான்," என்றார் ட்ரூடே. "அத விடுங்க. அல்வீனாகிட்ட மட்டும் ஏன் எதுவுமே நிக்கலன்னு யோசிச்சீங்களா?"

"அல்வீனாவுக்கும் இல்லையா?"

"நல்லா இருக்கு போங்க! வாராவாரம் குடையத் தூக்கிட்டு ஊர்ல இருக்கிற இடுப்பெல்லாம் பாக்குறீங்க, பொண்டாட்டி இடுப்பு மட்டும் கண்ணுல படலையா? ஒவ்வொண்ணா வரும். அவங்க இடது பக்கத்துல கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம், மன்னிக்கணும், இங்க ஆள் இருக்கு போலன்னு மெதுவா நகந்துடும். துண்டு போட்டு வச்ச நாற்காலி மாதிரி."

ஏவால்ட் வீட்டுக்குப் போய் அலமாரி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறு தானும் கூட வருவதாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்த சமயத்தில்தான், கீல் நகரத்திலிருந்து டாக்டர் கெப்ஹார்ட் ஸ்ட்ரிட்ஸோ வரப்போவதாகத் தொலைபேசி வந்தது. அதுவும் அதே ஞாயிற்றுக்கிழமை.

ஸ்ட்ரிட்ஸோ, பேரரசுக் கடற்படைக் குத்துவாள் நண்பர்கள் வட்டத்தின் தலைவர். வட்டத்தில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்று அழைத்தார்கள். கடற்படையில் அவர் பல் பிடுங்கினார். சேகரிப்பு திருப்தியாக இருந்தால் ஏவால்டை உள்வட்டத்தில் சேர்த்து, மேல்சட்டையில் வெள்ளி ஊசி குத்திவிட்டுப் போவார். அந்த ஊசிக்காக ஏவால்ட் இருபது வருடமாகக் காத்திருந்தார். வந்தவர் முன்னால் காலி அலமாரியைக் காட்டினால் அதோடு தீர்ந்தது. ஆகவே சனிக்கிழமை அவர் அலமாரியைத் துணிக்கொடிக் கயிற்றால் சுற்றிக் கட்டி, முடிச்சின் மேல், பணியிலிருந்து ஞாபகமாகக் கொண்டுவந்த இடுக்கியால் ஈய முத்திரை வைத்தார். அவர் முத்திரை வைத்த தராசு எதுவும் அசைந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஸ்ட்ரிட்ஸோ தங்கச் சரிகைத் தொப்பியோடு, இரண்டு வாரில் தன் குத்துவாள் தொங்க, குதிகாலை அடித்துக்கொண்டு உள்ளே வந்தார். சோற்றுப் பாயசம், செர்ரிப் பழக்கூழ் ஊற்றிய வாஃபிள், திராட்சை ரொட்டி, கூஜாவின் குழாய் அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விழும் காபி எல்லாவற்றையும் அவர் உள்வட்டத்தின் தகுதிக்கேற்பச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தபோது தெருவில் ஜனங்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அலமாரி நடுங்கியது. கண்ணாடிக்குள் கிரீடங்கள் கதவை முட்டின. முத்திரை அசையவில்லை.

அல்வீனா தொப்பியும் கோட்டும் அணிந்து வாசலில் நின்றார். "நான் நடக்கப் போறேன், ஏவால்ட். நீ காவல் காக்குறதானா காத்துக்கோ. பாயசம் மிச்சம் இருக்கு." சன்னல் வழியாக அவர் சதுக்கத்தைக் கடந்து போவது தெரிந்தது, வலது ஓரமாக.

"போகட்டும், போகட்டும்," என்றார் ஸ்ட்ரிட்ஸோ, வெள்ளி ஊசியைப் பெட்டியிலிருந்து எடுத்தபடி. "காவல்தான் நம்ம கடமை. நாப்பத்தொம்பதுலேருந்து நான் ஞாயித்துக்கிழமை வெளிய கால் வச்சதில்ல. வெளியூர்ல எங்கயாவது போனாலும் அடுத்தவங்க அலமாரி முன்னாலதான். என் மனைவியும் இப்படித்தான் தனியா நடக்கப் போவா. ஒரு ஞாயித்துக்கிழமை நடந்து ப்ரேமன் வரைக்கும் போயிட்டா."

"அப்புறம் எப்போ திரும்பி வந்தாங்க?" என்று ஏவால்ட் கேட்டார்.

"வரல. அங்க ஒரு பேக்கரிக்காரரோட நல்லா இருக்கா. அசையாம நில்லுங்க, ஊசியக் குத்தணும்."

ஏவால்ட் அசைந்தார். மேசையிலிருந்த கத்தரியை எடுத்து, பணிக்காலம் முழுவதும் பிறருக்கு அபராதம் விதித்த அதே குற்றத்தைச் செய்தார்: முத்திரையை அறுத்தார். அலமாரிக் கதவுகள் இரண்டு பக்கமும் படாரென்று திறக்க, குத்துவாள்கள் பள்ளிக்கூடம் விட்டது போலச் சன்னல் வழியே பாய்ந்தன. ஸ்ட்ரிட்ஸோவின் குத்துவாளும் வாரைத் தானே கழற்றிக்கொண்டு அவற்றோடு ஓடிப் போய், பாதிரியாருடைய நாயின் பக்கத்தில் நின்றது. குட்டைக்கால் நாய், குத்துவாள் அதைவிடக் கொஞ்சம் நீளம். அது வாலை ஆட்டிக்கொண்டு கம்பீரமாக நடந்தது. "என் கேப்டன் குத்துவாள்!" என்று ஸ்ட்ரிட்ஸோ சன்னலில் நின்று அலறியதை, தெருவில் யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்டுச் சிரிக்கவில்லை, சும்மாதான் சிரித்தார்கள்.

ஏவால்ட் அதற்குள் தெருவில் இருந்தார். குடை இல்லை, கையுறை இல்லை, தூறல் பிடித்திருந்தது. தேவாலயப் படிகளின் பாதியில் அல்வீனாவை எட்டிப் பிடித்து, மூச்சு வாங்க, அவருடைய இடது பக்கத்தில் போய் நின்றார்.

"விருந்தாளி?"

"பாயசம் சாப்பிடுறார்."

"மூச்ச விட்டுட்டுப் பேசு. மெதுவாவே போகலாம்."

அல்வீனா அவர் கையைத் தன் கைக்குள் இழுத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், சேகரிப்பிலேயே மிகச் சின்னது, குறுக்குச்சட்டம் வளைந்துபோன ஒரு பயிற்சி மாணவனின் குத்துவாள், கூட்டத்திலிருந்து பின்தங்கி வந்து ஏவால்டின் இடுப்பருகே நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அல்வீனா பாதிரியார் மனைவியின் தொப்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்கத் தொடங்கினார்.

வெள்ளி ஊசி கிடைக்கவில்லை. ஸ்ட்ரிட்ஸோ நாயின் பின்னாலேயே குளம் வரை நடந்து, பல வருடங்களுக்குப் பிறகு கன்னம் சிவந்து, மாலை ரயிலில் ஊர் திரும்பினார். அடுத்த மாதம் ப்ரேமனில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். பெர்க்ஹவுஸ் வீட்டில் முட்டைக்கோஸ் வெந்தது, நனைந்த கோட்டுகள் வந்தன. குத்துவாள்களில் துருப் புள்ளிகள் விழுந்தன. வட்டத்தின் கணக்கில் அவற்றின் மதிப்பு பாதியாகிவிட்டது. இன்றும் அவை ஞாயிறுதோறும் உலாவப் போகின்றன; வெளியூர்க்காரர்கள் மட்டும் நின்று பார்க்கிறார்கள். அந்தத் தூறல் நாள் நடையை உள்ளூர்ச் செய்தித்தாளின் புகைப்படக்காரர் படிக்கட்டின் உச்சியிலிருந்து எடுத்த படம், பெரிதாக்கப்பட்டு, நகர மன்றத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. ஏவால்ட் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார், இடுப்பருகே குத்துவாள், கைக்குள் மனைவியின் கை. காலில் வீட்டுச் செருப்பு. இடது கால் செருப்பு அல்வீனாவுடையது.