இரண்டு இருமல்

ஷெஃபீல்டில் பட்டம் வென்ற அன்று டெரன்ஸைத் தோளில் தூக்கி ஆடினார்கள். அதன்பின் வரிசையாக நான்கு தோல்விகள். இன்றும் தோற்றால் குத்துச்சண்டை வாழ்க்கையே முடிந்தது.

போட்டிக்கு முந்தைய சோதனையில் மருத்துவர் அவன் வலது கண்ணை மூடச் சொல்லி விரல்களைக் காட்டினார். இடது கண்ணில் வெறும் புகைமூட்டம். பின்னால் நின்ற பயிற்சியாளர் வால்ட் இருமுறை இருமினார்.

“ரெண்டு” என்றான் டெரன்ஸ்.

மருத்துவர் கையெழுத்திட்டார். “வால்ட், இருமலுக்கு மருந்து சாப்பிடுய்யா.”

அறைக்குத் திரும்பியதும் வால்ட் சிரித்தபடி கையுறையின் கயிற்றை இறுக்கினார். “கழுகுக் கண்ணுடா உனக்கு!”

“எதிர்ல மோதப்போறவன் என் இடது பக்கமாத்தான் அடிப்பானாம். அப்போ யாரு இருமுறது?”

வால்ட்டின் சிரிப்பு நின்றது. “வேணாம்னா இப்பவே சொல்லிடு.”

வெளியே கூட்டம் அவன் பெயரைக் கத்தியது. டெரன்ஸ் எழுந்து நடந்தான். கதவு நிலையில் அவன் இடது தோள் மோதியது.