மாற்றுத்துணி வேண்டாம்

அவள் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் பிறர் கையால் இறந்த குழந்தைகளின் கோப்புகள் மட்டுமே வரும். போலீஸும் ஆஸ்பத்திரியும் கோர்ட்டும் தங்கள் வேலையை முடித்தபின் அனுப்பிவைப்பார்கள். அவற்றைப் படித்து, வயதுவாரியாகப் பிரித்து, யார் செய்தது, ஏன், முந்தின வாரம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். பதினோரு வருஷமாக எழுதுகிறாள்.

வயதுக்கு வயது கதை மாறும். பிறந்த அன்றே போன குழந்தை என்றால், வயிற்றை மறைத்துக்கொண்டே நடமாடி, குளியலறையில் தனியாகப் பெற்ற ஒருத்தி இருப்பாள். தவழாத குழந்தை என்றால் அழுகை. அதை நிறுத்தத் தெரியாமல் பொறுமையிழந்து குலுக்கிய ஒரு கை. பதின்வயதுப் பிள்ளைகளின் சாவு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, கூடத் திரிந்தவர்களாலேயே நடந்திருக்கும். நடுவே பள்ளிக்கூடம் போகும் வயது. அந்தக் கோப்புகள் குறைவு. ஆனால் அவற்றைப் படித்த நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. ஒட்டாமல் பிரிந்த குடும்பம், துணையைக் காலத்துக்கும் அழவைக்கப் பிள்ளைகளையே கருவியாக்கிய ஒருவர். பல கோப்புகளில் அது அப்பாவாக இருந்தது.

"இந்த வயசுல கோபத்தைத் தேடாதீங்கம்மா," என்பார் அலுவலகத்தின் தலைமை டாக்டர். "கத்துறவன் கத்திட்டே இருப்பான். கத்திட்டிருந்தவன் என்னைக்கு அமைதியானான்னு பாருங்க."

அவளுடைய தம்பி கத்துகிற ரகம். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பெண்டாட்டி பிள்ளைகளோடு தனியாகப் போன எட்டு மாதமாக, அக்காவுக்குப் போன் போட்டால் அரைமணி நேரம் திட்டுவான், பிறகு அழுவான். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடையில் பூனையோடு அவள் வாசலில் வந்து நின்றான். முகம் சவரம் செய்து பளிச்சென்றிருந்தது.

"இதை நீ வெச்சுக்கக்கா."

"எத்தனை நாளைக்கு?"

"வெச்சுக்கயேன்," என்று சிரித்தான். "நாளைக்குப் பசங்க வராங்க. அணைக்கட்டு பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்."

"அவகூடப் பேசிட்டியா?"

"இனிமே அவகூட எனக்கு எந்தச் சண்டையும் இல்லக்கா. எல்லாம் சரியாயிடும்."

தம்பிக்கு ஒரு வழியாகப் புத்தி வந்தது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் மனசில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்தும் வேலை ஓடவில்லை. தம்பி மனைவிக்குப் போன் செய்தாள்.

"பசங்க கிளம்பியாச்சாம்மா?"

"ஒன்பது மணிக்கே வந்து கூட்டிட்டுப் போயிட்டார் அண்ணி. அவர் வீட்டுக்குப் போயிட்டுத்தான் அணைக்குக் கிளம்பணுமாம். அதிசயமா வாசல்ல நின்னு நல்லா பேசினார். ரெண்டு நாளைக்குத் துணி எடுத்து வெச்சிருந்தேன், மாத்துத்துணியெல்லாம் வேணாம்னுட்டார்."

"அவன் வீட்ல அவங்க துணி இருக்கா?"

"அங்க ஏது அண்ணி? எல்லாத்தையும் நான் கொண்டாந்துட்டேனே."

அவள் போனை வைத்தாள். டாக்டரின் அறைக்குள் நுழைந்து இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் போலீஸுக்குப் போன் செய்தார். அவர்கள் வரும்வரை அவளால் காத்திருக்க முடியவில்லை. தம்பி வீடு பக்கத்துத் தெருதான். செருப்பு பிய்ந்துவிடும்போல் ஓடினாள்.

கார் வாசலில் நின்றது. ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவள் கதவைத் திறந்து பிள்ளைகளுக்கு நடுவே புகுந்துகொண்டாள்.

"அத்தையும் வராங்க," என்று சின்னவன் குதித்தான்.

தம்பி முன்னால் வந்து உட்கார்ந்தான். திரும்பவில்லை.

"அக்கா, இறங்கு."

"நானும் அணை பார்த்து நாளாச்சுடா."

"இறங்குக்கா. உன்மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல."

அந்த வாக்கியம்தான் அவளுக்கு எல்லாவற்றையும் உறுதி செய்தது. இரண்டு பிள்ளைகளின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். மகள், "வலிக்குது அத்தை" என்றாள். அவள் விடவில்லை. அவன் சாவியைப் போட்டான். இன்ஜின் உறுமியது. கண்ணாடி வழியே அக்காவைப் பார்த்தபடியே இருந்தான், வண்டி நகரவில்லை. எவ்வளவு நேரமோ, தெரு முனையில் போலீஸ் ஜீப் திரும்பியபோது அவனே இன்ஜினை அணைத்தான்.

அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு ஒரு கடிதம் இருந்தது. 'இனி யாரை யாரிடமிருந்து பிரிப்பாய்?' என்பது அதன் முதல் வரி.

அவனை மனநல மருத்துவமனையின் காவல் வார்டில் வைத்தார்கள். ஊர் சுற்றிக் காட்டப்போன பிள்ளையைக் கொலைகாரனாக்கிவிட்டாய் என்று அவளைப் பெற்ற தாயே பேச்சை நிறுத்திக்கொண்டாள். அக்கா மட்டும் மாதாமாதம் போனாள். நான்காம் மாதம், கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவன் வாயைத் திறந்தான்.

"நீ வரலைன்னாலும் செஞ்சிருக்க மாட்டேன்கா. பாதி வழியில திரும்பியிருப்பேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் அவன் பொய் சொன்னால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும். இப்போது தெரியவில்லை.

"சரிடா," என்றாள்.

வீடு திரும்பியதும் தம்பி மனைவிக்குப் போன் செய்து, அவன் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"நீங்க நம்புறீங்களா அண்ணி?"

"வீட்டை மாத்திடு," என்றாள் அவள். "புது விலாசத்தை எனக்குக்கூடச் சொல்லாத."