காற்றைப் பார்த்த கதவு

மலையேறுவோர் சங்கம் கட்டிடக்கலைஞரான என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: புயலில் தவழ்ந்து வருகிறவர் கைக்குக் கதவு கிடைக்க வேண்டும். கணவாயில் இருந்த பழைய பிவாக்கின், அதாவது மலையேறுவோர் ஒதுங்கும் சிறு குடிலின், கதவைப் பனி மூடிவிட்டது. வாசலுக்கு வெளியிலேயே இரண்டு பேர் உறைந்து கிடந்தார்கள். எங்கள் மலைகளில் பிவாக்குக்குப் பூட்டே போட மாட்டோம். பூட்டில்லாத வீட்டுக்கு வெளியே சாவதைப் போல் கொடுமை உண்டா?

புதியதைக் கீழே காம்னிக் ஊர்ப் பட்டறையில் துண்டு துண்டாகச் செய்து, ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய், மேலே பொருத்துவதாகத் திட்டம். சிமென்ட் கிடையாது. ஆறு கால்கள், பாறையில் போல்ட், அவ்வளவுதான். நாளைக்கே வேண்டாமென்று கழற்றினாலும் மலையில் பெரிய தழும்பு இருக்காது. மேற்கே பள்ளத்தாக்கைப் பார்த்து ஆளுயர ஜன்னல். காற்றும் அங்கிருந்துதான் வரும் என்பதால் கதவை நேர் எதிரே, கிழக்கே, பாறைச்சுவர்ப் பக்கம் மறைவாக வைத்தேன். பழையதிலும் கதவு அங்கேதான் இருந்தது; அந்த வருடம் பனி அதிகம் விழுந்ததால்தான் அது மூடிப்போனது என்றே எல்லோரும் நினைத்தோம். அந்த ஜன்னல்மேல் எனக்கு உயிர்.

ஜனவரியில் நானும் என் கணவன் கொராஸ்தும் ரொட்டிப்பெட்டி அளவில் செய்த ஒரு மாதிரியோடு ஏறி, புயலில் என்ன ஆகிறது என்று பார்க்க அதைக் கணவாயில் கட்டிவிட்டு வந்தோம்.

"பாவம், ஒரு போர்வையாவது போத்திட்டு வந்திருக்கலாம்," என்றான் இறங்கும்போது.

புயல் அடங்கியதும் திரும்பப் போனோம். காற்று நேராக மோதும் மேற்குப் பக்கத்தில் ஒரு பொட்டுப் பனி இல்லை. பாறை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மறைவு என்று நான் நம்பிய கிழக்கில், காற்று களைத்துப் போய், சுமந்து வந்ததையெல்லாம் இறக்கி வைத்திருந்தது. என் கதவு கூரைவரை புதைந்திருந்தது. இந்த மலைக்கு முன்னால் நான் எத்தனை பொடிசு என்று பயமும் பக்தியுமாக நின்றேன்.

"பட்டறையில எல்லாத்தையும் அறுத்து முடிச்சிட்டாங்களே," என்றேன்.

"அப்படியே திருப்பி வச்சிடு. கால் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே?"

"அப்போ என் ஜன்னல் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும், கொராஸ்த்."

"நிக்கட்டுமே. உயிர் பொழைக்க ஓடி வர்றவன் காட்சி பாக்கவா வர்றான்?"

ஒரு வாரம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வரைபடத்தில் கதவை மேற்கே திருப்பினேன்; கோடையில் அப்படியே மேலே பொருத்தினோம்.

அடுத்த குளிர்காலத்தின் முதல் பெரும்புயல் ஓய்ந்த காலையில் இருவரும் ஏறினோம். கிழக்கே கூரை விளிம்புவரை பனி. மேற்கே கதவு, படி, கால்கள் எல்லாம் வெறும் பாறைமேல் பளிச்சென்று நின்றன. அத்தனை பெரிய காற்று, என் கதவுக்கு வாசல் பெருக்கிவிட்டுப் போயிருந்தது. உடம்பு சிலிர்த்தது. கதவைத் தள்ளினேன்.

உள்ளே ஒரு பெண்ணும் ஆணும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை மூடிய பனிக்குள்ளிருந்து நீல வெளிச்சம் கசிந்து அறை முழுக்க நிறைந்திருந்தது. நான் வரைந்த எதிலும் அப்படியொரு நிறம் இல்லை.

"வாங்க, டீ சூடா இருக்கு," என்றாள் அவள். "மரிபோர்லேர்ந்து வந்தோம். நேத்து புயல்ல கண்ணே தெரியல. இவருக்கு முழங்கால் வேற போச்சு. இவர இழுத்துக்கிட்டு, தடவிக்கிட்டே வந்தேன். கதவு கையில பட்டுச்சு."

"அதெல்லாம் சரி," என்றார் அவர். "ஜன்னலக் கொண்டுபோய்ப் பனிக்குள்ள வச்ச அந்த அறிவாளி யாரு? நேர்ல பாத்தா நாலு கேள்வி கேக்கணும்."

"கேளுங்க. நான்தான்," என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.