இரண்டாவது திரை

பங்சாரிலிருந்து வந்த விற்பனையாளர் கணினியைத் தூக்கி மேசைமேல் வைத்ததும், இராஜம்மா தொலைபேசியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். கடை திறந்த நாளிலிருந்து அது அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ஏர்கோன் பழுதுபார்க்கும் சின்னக் கடை அது. ஏணி ஏறுவது அவள் கணவர் கார்த்திகேசுவும் நான்கு மெக்கானிக்குகளும். யார் வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது, எந்தக் கிளினிக்கில் குளிரவில்லை என்று கேட்டு, எந்த ஆளை எங்கே அனுப்புவது என்று முடிவுசெய்வது அவள். கார்த்திகேசுவுக்குத் தொலைபேசி என்றாலே ஆகாது. மணி அடித்தால் ஏதோ சாமான் தேடுகிறவர்போலக் கடையின் பின்பக்கம் போய்விடுவார். அப்படிப்பட்டவர்தான் தொண்ணூற்றைந்தாம் வருடத் தீபாவளி முடிந்த கையோடு, கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் போன தடவை என்ன பழுது, யார் போனார்கள் என்பதெல்லாம் வண்ணத்தில் வந்தது. வேலையை ஒருவனுக்கு ஒதுக்கினால் முகவரி அவன் பேஜருக்கே போய்விடுமாம்.

“ஒரே ஆள் போதும் போஸ். போனைக் கழுத்துல இடுக்கிக்கிட்டே டைப் பண்ணலாம்” என்றார் விற்பனையாளர்.

“போன் எடுக்கிறது ஒருத்தர், ஆள் அனுப்புறது ஒருத்தர்னா? ரெண்டு மேசையில ரெண்டு ஸ்கிரீன் வைக்க முடியுமா?”

அந்த வசதி இதில் இல்லை என்றார் அவர். கார்த்திகேசு தலையாட்டிவிட்டு எழுந்துகொண்டார். இராஜம்மா அவர் முதுகையே பார்த்தாள். யார் அந்த இன்னொருத்தர்?

அவளுக்கு ஒரு வருடமாகவே இடது காது அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது வலதும் மங்கத் தொடங்கியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்பு செந்தூலிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டபோது இவள் காதில் தாமான் செந்தோசா என்று விழுந்தது. மெக்கானிக் விஜயனை, அது இருக்கும் கிள்ளானுக்கு அனுப்பிவிட்டாள். செந்தூல் வீட்டில் ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு தாய், பகல் முழுக்கப் புழுக்கத்தில் கிடந்தாளாம். “நான்தான் அண்ணே தப்பா கேட்டுட்டேன்” என்று விஜயன் கார்த்திகேசுவிடம் சொன்னபோது, அவள் வாயில் வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிக்கொண்டாள். அந்தத் தாயின் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் படுத்தால் அந்த முகம்தான் வந்தது.

அடுத்த வாரம் ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போனார்கள். லியோங் என்பவர் தன் வீட்டு முன்னறையிலேயே புரோகிராம் எழுதி விற்றுக்கொண்டிருந்தார். படமில்லை, வண்ணமில்லை, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஆனால் இரண்டு கணினிகளை ஒரு வயரால் இணைத்திருந்தார். கார்த்திகேசு ஒற்றை விரலால் ஒன்றில் எதையோ தட்டிவிட்டு, எழுந்து ஓடிவந்து மற்றதில் பார்த்தார். எழுத்து வந்திருந்தது. சின்னப்பிள்ளைபோல் முகம் மலர்ந்தார். “இதுதான்” என்றார்.

வேனில் திரும்பும்போது அவளால் பொறுக்க முடியவில்லை.

“மொத வந்தவரோடதே நல்லா இருந்துச்சு. எதுக்கு இது?”

“இதுலதான் ரெண்டு ஸ்கிரீன் இருக்கு லா.”

“ரெண்டாவது யாருக்கு? எந்தப் பொண்ணப் பாத்து வச்சிருக்கீங்க? என்னை வீட்டுல உக்கார வைக்கணும்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க.”

கார்த்திகேசு வேனைச் சாலையோரம் ஒதுக்கி, இன்ஜினை அணைத்தார். அவள் முகத்துக்கு நேராகத் திரும்பினார்.

“பொண்ணு யாருமில்ல. போனை நான் எடுக்கிறேன்.”

“நீங்களா?”

“டிவி சத்தத்தை நீ ஏத்த ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரியும், ராஜம். கடைப் பசங்களுக்கும் தெரியும். செந்தூல் விஷயத்துல விஜயன் பொய் சொன்னான். நானும் நம்பின மாதிரி இருந்துட்டேன்.”

அவளுக்கு முகம் சுட்டது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். சாப்பிடும்போது இவர் எப்போது தன் வலப்பக்கம் மாறி உட்காரத் தொடங்கினார்? மெக்கானிக்குகள் வாசலில் நின்று கூப்பிடாமல், மேசைக்கு எதிரே வந்து நின்று பேசுவது எப்போதிலிருந்து? எல்லாரிடமும் மறைத்துவிட்டதாக நினைத்திருந்தாளே. எல்லாரும் சேர்ந்தல்லவா அவளிடம் மறைத்திருக்கிறார்கள்.

“நீங்க கேட்டு எங்கிட்ட சொன்னா போதாதா? அதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?”

“கத்திச் சொல்லணும். கடைக்கு வர்றவன்லாம் உன்னைப் பாப்பான். எழுத்துல வந்தா உனக்கும் எனக்கும்தான். டாக்டர்கிட்டயும் போவோம். காதுக்கு மிஷின் வைக்கச் சொன்னா வைப்போம். ஆனா யாரை எங்க அனுப்புறதுன்னு நீதான் சொல்லணும். அது எனக்கு வராது.”

ஒரு லோரி கடந்துபோனதில் வேன் ஆடியது. கியர் கம்பியைப் பிடித்திருந்த அவர் கைமேல் தன் கையை வைத்தாள். எண்ணெய்க் கறை ஏறிக் காய்த்த கை. “போன்ல பேசத் தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டாள். அவர் வேனைக் கிளப்பினார்.

லியோங் வந்து வயரைச் சுவரோரமாக ஓட்டிக் கொடுத்துவிட்டுப் போன மறுநாள், முதல் அழைப்பு வந்தது. எதிர்மேசையில் கார்த்திகேசு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுப்பதை இராஜம்மா பார்த்தாள். அவர் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. நெற்றி வேர்த்தது. நெடுநேரம் கழித்து அவள் திரையில் ஒரு வரி வந்து நின்றது. ஆங்கில எழுத்தில் தமிழ். ‘நல்லம்மாள், கிள்ளான். தண்ணி ஒழுகுது.’ அதன் கீழே இன்னொன்று. ‘ரொம்பக் கத்துறாங்க. என்ன சொல்ல?’

நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘அவங்க மக கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு கேளுங்க. விஜயன் இப்பவே கிளம்புறான்னு சொல்லுங்க’ என்று தட்டி அனுப்பினாள்.

அவர் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு போனில் ஏதோ சொன்னார். கேட்டார். தலையை ஆட்டினார். மறுபடி கேட்டார். இறுகியிருந்த தோள் மெல்ல இறங்கியது. கடைக்குப் பின்னாலுள்ள தண்டவாளத்தில் ரயில் ஒன்று போயிருக்க வேண்டும், மேசை லேசாக அதிர்ந்தது. போன் வயரை விரலில் சுற்றியபடி, கிள்ளானிலிருந்து நல்லம்மாள் சொன்ன எதற்கோ கார்த்திகேசு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.