மூஞ்சி கழுவாத கிணறு

ஐஸ் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு பாக்கியம் சைக்கிளை மிதித்து வந்தபோது சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் வரிசையாக ஆட்கள். எண்பத்தேழில், இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக நடந்த மறியல். வெயிலில் காய்ந்துபோயிருந்தவர்கள் பெட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள்.

"டேய், ஐஸ்காரம்மா வருதுடா!"

சேலத்தில் தண்ணீர் ஆராய்ச்சி செய்கிறவளுக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பெட்டிக்குள் இருந்தது வடக்கனந்தல் பக்கம் ஒரு தெருக் கிணற்றுத் தண்ணீர், காலையில் மொண்டது. சூடு ஏறாமல் இன்றைக்கே சின்னசேலத்தில் ரயிலேறி ஆய்வகம் போய்ச் சேரவேண்டும். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. தண்ணீரில் கிருமி உண்டென்று நிரூபித்தால் அடிபம்பு வரும், இல்லாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். அந்தப் பம்புக்காக அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை.

மரத்திலிருந்து கந்தசாமி குதித்து வந்தார். அதே தெருக்காரர்.

"எங்க கெணத்துத் தண்ணியா? குடுங்க, நானே அந்தாண்ட வுடறேன்." பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "நேத்தே பிளீச்சிங் பவுடர கொட்டி கெணத்த பளிச்சுனு ஆக்கிட்டோங்க. பொண்ணு பாக்க வர்றப்ப மூஞ்சி கழுவாமயா நிறுத்துவோம்?"

காலையில் கிணற்றில் அடித்த பவுடர் நெடி, பாக்கியத்தின் சளி பிடித்த மூக்குக்கு எட்டியிருக்கவில்லை.

"அண்ணே, கிருமியெல்லாம் செத்திருக்கும். தண்ணி சுத்தம்னு ரிசல்ட் வரும். அப்புறம் பம்பு ஏது?"

கந்தசாமி பெட்டியை மெல்ல இறக்கி வைத்தார். "எங்க வூட்டுக்காரி குஞ்சம்மா சொன்ன யோசனைங்க," என்றார், பாதிக் குரலில். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவளால் கோபப்பட முடியவில்லை.

"மறியல் எப்ப முடியும்?"

"ஒரு வாரம் ஆவுங்க."

"அதுக்குள்ள பவுடர் வேகம் போயிடும். நான் அப்ப வந்து மறுபடி எடுக்கறேன். அதுவரைக்கும் கெணத்துல யாரும் ஒண்ணும் போடக்கூடாது. தண்ணிய காய்ச்சிக் குடிங்க."

இனி ஐஸ் எதற்கு? மறியல்காரர்கள் அதைத் துண்டில் முடிந்து ஆளுக்கொரு கட்டியாகத் தலையில் வைத்துக்கொண்டார்கள். கோஷம் இரண்டு மடங்கு பலமாகக் கேட்டது.

மறியல் முடிந்து, சுத்தமான புதுப் பாட்டிலோடு அவள் போனபோது கிணற்றைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. தண்ணீரில் நெடி போய்விட்டிருந்தது, வழக்கமான பாசி மிதந்தது. பாசியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆனால் ராட்டினத்தில் மஞ்சளும் குங்குமமும். பக்கத்துக் கம்பத்தில் கனகாம்பரச் சரம்.

"தண்ணியில கை வெக்கலங்க," என்றாள் குஞ்சம்மாள் அவசரமாக. "அதுக்காக வெறும் நெத்தியோட எப்டி நிறுத்தறது?"

பாக்கியம் சிரித்துக்கொண்டே பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். காற்றடித்தது. சரத்திலிருந்து ஒரு பூ உதிர்ந்து கிணற்றுக்குள் சுழன்றது. "ஐயையோ!" என்று தெருவே விளிம்பில் சாய்ந்து எட்டிப் பார்த்தது. பூவும் பாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தன.