ராகவேந்திரன் குழுவின் வலது முட்டி

தை முகூர்த்தம் ஒன்றில் பாத்திரம் தேய்க்கும் தேவானையின் வலது முட்டி மடங்க மறுத்த நொடியில், ராகவேந்திரனின் கல்யாணச் சமையல் குழுவில் அத்தனை பேருக்கும் வலது முட்டி மடங்காமல் போயிற்று. தி. நகர் மண்டபம், சமையல் கீழே, பந்தி மாடியில். ஆளாளுக்குக் காலை இழுத்துக்கொண்டு படியேறி ரசம் போய்ச் சேருவதற்குள் இலையில் சோறு காய்ந்துவிட்டது. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலி முதுகைப் பிடித்தபடி முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஆழ்வார்பேட்டை எலும்பு டாக்டர் எல்லாரையும் படம் எடுத்துப் பார்த்து, தேய்ந்திருப்பது ஒரே முட்டிதான் என்றார். பெரும்பாக்கம் குடியிருப்பில் லிஃப்ட் ஓடாத மாடி ஏறி ஏறித் தேய்ந்த தேவானையின் முட்டி அது. ராகவேந்திரன் தேவானையை நிறுத்திவிட்டார். அவள் வாசற்படி தாண்டிப் போனதும் மற்றவர்கள் கால் சரியாயிற்று. பாவம், அவளுக்குத்தான் பிழைப்பு போயிற்று.

ஆனால் இடம் காலியானதும் அடுத்த குறை குழுவைப் பிடித்துக்கொண்டது. அது ராகவேந்திரனுடையது. நைவேத்தியத்துக்கு முன் ருசி பார்க்காத சமையல் அவருடையது. உப்பு, பதம் எல்லாம் மூக்குதான். அந்த மூக்குக்கு மயிலாப்பூர் முழுக்கப் பெயர். இரண்டு வருஷம் முன்பு வந்த ஒரு காய்ச்சலில் அது செத்துவிட்டதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பெருங்காயம் நெய்யில் விழும்போது பையன்கள் முகத்தைப் பார்த்துச் சமாளித்து வந்தார். மயிலாப்பூர்க் கல்யாணத்தன்று காலையில் பெருங்காயம் பொரிந்தது. ஒரு முகமும் அசையவில்லை. தன் குறை ஒட்டிக்கொண்டது என்று தெரிந்தும் அவர் அடுப்பை அணைத்துவிட்டு அடுத்த அண்டாவுக்கு நகர்ந்தார்.

பரிமாறும் சேரன் இரண்டாவது அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தான். விட்டுப்போன டிபன் டப்பாவுக்காக வந்த தேவானை பின்வாசலில் நின்றாள்.

"சேரா, குச்சியக் கீழ போடு. கேஸு நாத்தம் தெருவுக்கே வருது, இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

சேரன் மூச்சை இழுத்துப் பார்த்தான். "ஒண்ணும் வரலியேக்கா."

எல்லாரும் ராகவேந்திரனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கேஸ் நெடி இல்லை என்று சொன்னால் சேரன் உரசிவிடுவான். உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷப் பெயர் அன்றோடு சரி.

"பத்த வைக்காதேடா. எனக்கு மூக்கு போய் ரெண்டு வருஷமாச்சு. இப்போ உங்களுக்கும் ஒட்டிண்டுடுத்து. தேவானை, நீ உள்ள வா."

"வந்தா எல்லாருக்கும் காலு வெறச்சிக்குமே, ஐயரே."

"வெறச்சுக்கட்டும்."

அவள் வாசற்படி தாண்டினாள். எல்லாருடைய வலது முட்டியும் இறுகியது. அடுத்த மூச்சில் கேஸ் நெடி குப்பென்று ஏறியது. சேரன் இருமிக்கொண்டே காலை இழுத்துப் போய் சிலிண்டரை மூடினான். ராகவேந்திரனுக்கு மட்டும் எதுவும் வரவில்லை.

அன்றைக்கும் ரசம் தாமதம்தான். இப்போதெல்லாம் தேதி கேட்டு வருகிறவர்களிடம், தனக்கு வாசனை தெரியாது, குழுவில் யாருக்கும் வலது கால் மடங்காது என்று அவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அவர்களும் சரி என்று தலையாட்டி, பந்திக்கு அரைமணி கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு போகிறார்கள்.